ரேஸ் முடிந்த குதிரையைச் சும்மா கொடுக்கலாமா?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சென்னையில் ஒரு ரேஸ் குதிரை வைத்திருக்கிறோம். ஆறு வயது, காயடித்தது. முன்னங்கால் டெண்டன் (தசைநார்) போய்விட்டது, இனி ஓடாது என்று டிரெய்னர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் லாயத்தைக் காலி செய்ய வேண்டுமாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், சும்மா கொடுத்தால் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். எழுத்து வாங்காமலும் வேண்டாம்.

நன்றாகக் கவனித்தால் தரோபிரெட் என்ற ரேஸ் இனக் குதிரை 25 வயதைத் தாண்டும். அதாவது உங்கள் குதிரைக்கு இன்னும் இருபது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறது. சும்மா கிடைத்த குதிரை எளிதாகக் கை மாறும் என்பதுதான் என் கவலை. முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். இரண்டு வருடம் கழித்துத் தீவனச் செலவு கட்டுப்படியாகாது, பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போவார், குதிரை அடுத்தவர் கைக்குப் போகும். அப்புறம் கல்யாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி, ரேக்ளா. ஊட்டியில் ரோட்டோரம் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் ஒரு காலத்தில் சொந்தக்காரர் இருந்திருப்பார். குதிரையைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் மூன்றாவது கைக்குப் போன குதிரைக்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிடும்.

முதலில் காலைப் பாருங்கள். காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே எலும்புக்குப் பின்னால் ஓடும் நாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழே தடவுங்கள். நல்ல டெண்டன் கயிறுபோல ஓரம் தெரியக் கைக்கு அகப்படும். அடிபட்டது தடித்து, ஓரம் மழுங்கி, சூடாக இருக்கும். அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும். மற்ற முன்னங்காலையும் தடவிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இது உங்களுக்குத் தெரிவதற்காகத்தான். முடிவெடுக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும்.

டெண்டன் ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். ஆரம்ப வாரங்களில் லாயத்தில் ஓய்வும் கையில் பிடித்து நடத்துவதும் மட்டும்தான். இந்த மாதமே தோப்பில் அவிழ்த்துவிட்டால், முதல் நாளே நாலுகால் பாய்ச்சலில் ஓடி, பாதி அறுந்ததை முழுசாக அறுத்துக்கொள்ளும். அதனால் டிரெய்னரிடம் பேசி இரண்டு மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள். முடியாதென்றால் வாடகைக்கு ஒரு லாயம் பிடியுங்கள். அந்தச் செலவு உங்கள் மூவருடையதுதான். தோப்புக்காரர் தலையில் கட்டக் கூடாது. ரேஸுக்கு ஆகாது என்றால் எதற்குமே ஆகாது என்று அர்த்தமில்லை. நன்றாக ஆறிய காலோடு லேசான சவாரிக்குப் போகும் குதிரைகள் நிறைய உண்டு.

இந்த மாதங்களில் தீவனத்தையும் மாற்றிவிடலாம். ரேஸ் லாயத்தில் ஓட்ஸ், பார்லி, கொள்ளு என்று தானியமே ஏகத்துக்கும் போயிருக்கும். அதை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, புல்லையும் குதிரை மசால் என்ற தீவனப் பயிரையும் கூட்டுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் நிற்காமல் சுரக்கும். நார்த்தீவனம் இல்லாமல் வயிறு காலியாகக் கிடந்தால் புண் வரும். ஓட்டத்தில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு. சரியாகத் தின்னாமல், தடவினால் சிடுசிடுக்கும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி தென்னந்தோப்பு. குதிரைக்கு முன்னால் நீங்கள் போய்ப் பாருங்கள். அவர் சொல்லாத நாளில் போனால் இன்னும் நல்லது. மாடு வளர்த்த அனுபவம் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாதி ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாட்டைப்போல நீளக் கயிற்றில் கட்டி மேயவிட்டால், தரோபிரெட் மிரண்டு காலைச் சுற்றிக்கொண்டு தோலை உரித்துக்கொள்ளும். முள்கம்பி வேலி அதைவிட மோசம்; மெல்லிய தோல், ஓடும் வேகத்தில் நெஞ்சு கிழியும். மரக்கட்டை வேலியோ குழாய் வேலியோ வேண்டும். லாயத்தைக் காய் விழும் மரத்தடியில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வேலியோரத்தில் அரளி இருக்கிறதா? நம் ஊரில் அழகுக்கு நட்டுவிடுவார்கள், சில கைப்பிடி இலை போதும் குதிரையைக் கொல்ல. பக்கத்தில் கோழிப்பண்ணை இருக்கிறதா? கோழித்தீவனத்தில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். தீவனமே இல்லாமல் ஒரு வேளை கிடந்தாலும் பரவாயில்லை, கோழித்தீவன மூட்டை மட்டும் குதிரைக்கு எட்டக் கூடாது.

கோ-4 என்ற நேப்பியர் வகைத் தீவனப் புல்லை மட்டும் போட்டு வளர்ப்பார்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது; மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பு பலவீனமாகும். கூடவே குதிரை மசாலோ, டாக்டர் சொல்லும் தாது உப்போ வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்தீவனம் தேவை. பச்சைப் புல்லாகவே கொடுப்பதென்றால் நாற்பது கிலோவுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைச் சொன்னதும் அவர் முகம் எப்படிப் போகிறதென்று பாருங்கள்.

அவரிடம் கேட்க எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலியில் குதிரை தரையில் புரண்டால் யாருக்கு போன் போடுவீர்கள்? மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்யத் தெரிந்த டாக்டரின் பெயரைச் சட்டென்று சொன்னால் நம்பலாம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவும் ஆள் யார் என்றும் கேளுங்கள். ரேஸ் நகரங்களை விட்டு வெளியே வந்தால் அந்த ஆள் கிடைப்பதே பாடு. இன்னொரு குதிரை அங்கே இருக்கிறதா என்பதும் முக்கியம். கூட்டத்தில் வாழ்கிற பிராணி, தனியே நின்றால் இளைத்துப்போகும்.

தோப்பு தேறாவிட்டால் வேறு வழிகள் உண்டு. ரைடிங் ஸ்கூல்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ரேஸ் குதிரைக்கு அங்கே எல்லாமே புதிது. கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. பிடி இறுகினால் முட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடத்தான் பழகியிருக்கிறது. ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்பதும் தெரியாது. மறுபயிற்சிக்கு மாதங்கள் ஆகும், குழந்தைகளை ஏற்றுவதற்கு அதற்கு மேலும் ஆகும். போலீஸ் குதிரைப்படைகளும் ஓய்வு பெற்ற ரேஸ் குதிரைகளை எடுப்பதுண்டு, காலில் குறையிருந்தால் எடுக்க மாட்டார்கள். அடைக்கலப் பண்ணைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். பராமரிப்புப் பணத்தோடு போனால் பேசுவார்கள்.

காகித வேலை சின்னது, விட்டுவிடாதீர்கள். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணும் கழுத்தில் ஸ்கேன் செய்தால் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உரிமை மாற்றத்தை ரேஸ் கிளப்புக்கும் புனேயில் உள்ள ஸ்டட் புக் (வம்சப் பதிவேடு) அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். பயணத்துக்கு முன் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றிதழ் தேவை. கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது, இதற்கான ஆய்வகம் ஹிசாரில் இருக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்ட தேதியையும் குறித்துக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் நாலு விஷயம் இருக்கட்டும். ரேஸ், ரேக்ளா எதிலும் ஓட்டக் கூடாது. விற்கவோ கொடுக்கவோ கூடாது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முதலில் உங்களிடமே திருப்ப வேண்டும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். இதற்கெல்லாம் தயங்குகிறவரிடம் குதிரையைக் கொடுக்க வேண்டாம். பதிலுக்கு முதல் வருடத் தீவனச் செலவை நீங்கள் மூவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். குதிரையை இத்தனை நாள் பார்த்துவந்த சைஸுக்கு, அதாவது லாயத்துக் குதிரைக்காரருக்கு, கூலி கொடுத்து, முதல் இரண்டு வாரம் தோப்பிலேயே தங்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தொட்டால் உதைக்கும், எந்த வாளியில் தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக, கேட்கக் கூசும் விஷயம். ஸ்கேனில் கால் தேறாது என்று வந்து, நிற்கும்போதே வலியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால், நல்ல இடமும் கிடைக்காவிட்டால், டாக்டரை வைத்து ஊசி போட்டு முடித்துவிடுவது பாவமில்லை. தெரியாத நாலாவது கைக்கு அனுப்புவதைவிட அதுவே மேல் என்பேன். அந்த முடிவை எடுத்தால், மூவரில் ஒருவராவது கூட இருங்கள்.