மருத்துவர் பதில்: தடித்திருப்பது கால்தான், ஆனால் பார்க்க வேண்டியது கண்ணை

கேள்வி: எனக்கு வயது 43. நான்கு ஆண்டுகளுக்கு முன் தைராய்டு அதிகமாகச் சுரந்ததால் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அதன்பின் தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை சாப்பிடுகிறேன். எட்டு மாதங்களாக இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத்தோல் போல் ஆகிவிட்டது. யானைக்கால் என்கிறார்கள். இது ‘மிக்சிடீமா’, தைராய்டு குறைவால் வருவது என்று இணையத்தில் படித்து, மாத்திரையை 150 ஆக்கிக்கொண்டேன். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பும் தடவுகிறேன். முடி கொட்டுகிறது. கண் எரிச்சல் உண்டு. சில வாரங்களாகச் சிவப்பு நிறம் சற்று மங்கலாகத் தெரிகிறது.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிவப்பு மங்கலாகத் தெரிகிறது என்று, அதற்காகத்தான் நீங்கள் தாமதமில்லாமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் காத்திருக்கும்.

யானைக்கால் பயத்தை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் ஒரு காலில், காய்ச்சலும் நெறிகட்டலுமாக வந்துபோய், பாதத்தையும் சேர்த்து வீங்கவைக்கும். தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். நீங்கள் பெருவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள், அநேகமாகக் குழி விழாது. உங்களுக்கு வந்திருப்பது யாருக்கும் தொற்றாது.

உங்களுக்கு முன்பு வந்தது கிரேவ்ஸ் நோயாகத்தான் இருக்க வேண்டும், அதாவது உடலின் எதிர்ப்பொருள்களே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்கவைக்கும் நோய். அயோடின் சுரப்பியை அடக்கிவிட்டாலும், அந்தச் சுரப்பியைத் தூண்டிவிட்ட எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி, தோலுக்கடியில் உள்ள செல்களையும் தூண்டி, ஹையலுரோனிக் அமிலம் என்ற, நீரைப் பிடித்துவைக்கும் வழவழப்பான பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கின்றன. இதைத்தான் மியூசின் படிவு என்கிறோம். ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு உறை நீரைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, ஏறக்குறைய அதே வேலையை இந்த மியூசின் உங்கள் தோலுக்குள் செய்கிறது. (முகத்துக்குப் பூசும் ஹையலுரோனிக் சீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடுத்த கடிதத்தில் அதைக் கேட்க வேண்டாம்.)

இதே படிவு கண்ணுக்குப் பின்னாலும் சேரும் என்பதுதான் என் கவலை. காலில் தோல் தடித்துக்கொள்ள இடமிருக்கிறது. கண்குழியோ எலும்பால் ஆன கிண்ணம், அதற்குள் தசையும் கொழுப்பும் வீங்கினால் நசுங்குவது பார்வை நரம்பு. அது நசுங்கும்போது எழுத்து மங்குவதற்கு முன்பே நிறம் வெளுக்கலாம், அதுவும் முதலில் சிவப்பு. குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணாலும், பிறகு மாற்றியும் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது செங்கல் நிறமாகத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். இரண்டு கண்ணும் ஒன்றுபோலத் தெரிகிறது என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது, இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். உரிய காலத்தில் ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு கொடுத்தோ, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையால் கண்குழியில் இடம் உண்டாக்கியோ பார்வையைக் காப்பாற்ற முடியும். நாள் கடந்தால் போனது திரும்பாது.

மாத்திரையை நீங்களே ஏற்றிக்கொண்டதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மிக்சிடீமா என்பது 1878-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஆர்டு என்ற மருத்துவர், தைராய்டு குறைந்தவர்களின் உப்பிய தோலுக்கு வைத்த பெயர். பின்னாளில் அது கிரேவ்ஸ் நோயாளிகளின் கால் தடிப்புக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்றுதான், நோய் வேறு. தைராக்சினைக் கூட்டினால் கால் தடிப்பு குறையாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், முடி கொட்டுவதும் அதனாலேயே இருக்கலாம். மருத்துவர் எழுதிய 100-க்கே திரும்பி, தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அவரைப் பாருங்கள்.

கடைக் களிம்பை நிறுத்துங்கள். ஸ்டீராய்டு களிம்பு இதற்குரிய மருந்துதான், ஆனால் எந்த வீரியம், மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி எத்தனை மணி நேரம், எத்தனை வாரம் என்பதைத் தோல் மருத்துவர் சொல்ல வேண்டும். கடையில் கொடுப்பது பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கூட்டுக் களிம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லேசான தடிப்பு சில ஆண்டுகளில் தானாகவே குறைவதும் உண்டு. சதைப் பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம், முழங்காலுக்குக் கீழே புண் ஆறத் தாமதமாகும்.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள், புகை இந்தக் கண்நோயை மோசமாக்கும். தூங்கும்போது உங்கள் இமைகள் முழுவதும் மூடுகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லி, அதையும் பழைய தைராய்டு அறிக்கைகளையும் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.