பைக்குள் அடங்கும் பேனா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், வீட்டு வாசலில் நின்றபடியே சின்ன நோட்டில் குறிப்பெடுப்பேன், சாயங்காலம் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். எனக்கு மைப்பேனாவில்தான் எழுத்து நன்றாக வரும். ஆனால் கைப்பைக்குள் போட்டால் மூடி கழன்று எல்லாம் மையாகிவிடுகிறது. சின்னதாக, கசியாததாக ஒரு பேனா சொல்லுங்கள்.
– வாசகி, விருத்தாசலம்

பதில்: காவெகோ ஸ்போர்ட் வாங்குங்கள். அதிலும் பிளாஸ்டிக்கில் வரும் கிளாசிக் மாடல் போதும், பித்தளை, அலுமினியம் எல்லாம் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சின்ன பேனா தேடும்போது எல்லோரும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், மூடியைப் பார்ப்பதில்லை. உங்கள் பிரச்சினையே மூடிதான். அழுத்தி மூடுகிற மூடி, பைக்குள் சாவிக்கும் போனுக்கும் நடுவில் கிடந்து ஆடும்போது நெகிழ்ந்துவிடும். இன்னொன்று, அதை வெடுக்கென்று இழுத்துத் திறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றோடு சேர்ந்து நிப்பிலிருந்து கொஞ்சம் மையும் இழுபட்டு வரும், பேனாவின் கழுத்து மையாவது பெரும்பாலும் இதனால்தான். திருகு மூடியில் இந்த இரண்டுமே இல்லை. காவெகோ ஸ்போர்ட்டின் மூடி திருகு மூடி.

ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் இதைச் செய்கிறார்கள். மூடியிருக்கும்போது நீளம் பத்தரை சென்டிமீட்டர்தான், எடையும் சுமார் 10 கிராம்தான். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால் 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும், அதாவது வழக்கமான பேனா அளவு. செருகாமல் எழுதிப் பார்க்காதீர்கள், பேனா கைக்குள்ளேயே மறைந்து சீக்கிரம் விரல் வலிக்கும். இது செருகி எழுதுவதற்காகவே செய்த பேனா. நின்றுகொண்டு எழுதுகிற உங்களுக்கு இது ஒரு வகையில் நல்லது, ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா என்று இருக்கும்போது மூடியை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. மூடி எட்டுப் பட்டையாக இருப்பதால் திண்ணையிலோ ஸ்கூட்டர் சீட்டிலோ வைத்தால் உருண்டு ஓடாது. கிளிப் பேனாவோடு வராது, தனியாக வாங்கி மூடியில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொள்ளுங்கள். பையின் உள்ஜேப்பில் நிப்பு மேலே பார்க்கிற மாதிரி செருகி வைத்தால் கசிவு பயம் பாதி போய்விடும்.

நிப்பு எஃப் (மெல்லிய கோடு) அல்லது இ.எஃப் (அதைவிட மெல்லியது) மட்டும் வாங்குங்கள். ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு நடுத்தரக் கோடு போடுகிற எம் நிப்பு சரியாக இருக்கலாம், தமிழை அதில் பொடியாக எழுதினால் ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாதாரண நோட்டுத் தாளில் மை கொஞ்சம் பரவவும் செய்யும் என்பதால், இரண்டும் சேர்ந்து சாயங்காலம் படிக்கும்போது உங்களுக்கே தடுமாற்றமாக இருக்கும். அதையும்விட மெல்லிய கோடு வேண்டுமென்றால் ஜப்பான் பேனாக்கள் உண்டு, அவர்களுடைய எஃப் பொதுவாக ஐரோப்பிய இ.எஃப் அளவுக்கு இருக்கும். பைலட் பிரேரா 12 சென்டிமீட்டர் நீளத்தில் அருமையான பேனா. ஆனால் அது அழுத்து மூடி. சட்டைப் பையில் குத்தி வைப்பவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன், கைப்பையில் போடுகிற உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது மை. இந்தப் பேனாவுக்குச் சின்ன சைஸ் இன்டர்நேஷனல் கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த குட்டிக் குழாய், போட வேண்டும். பார்க்கர், லாமி, பைலட் கார்ட்ரிட்ஜ் எதுவும் சேராது, கடையில் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். மை உறிஞ்சுகிற குட்டி கன்வர்ட்டரும் கிடைக்கிறது, எனக்கு அது பிடிக்காது, கொள்ளளவு மிகக் குறைவு. அதைவிட, தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடாமல் கழுவி, ஒரு சிரிஞ்சில் மையை எடுத்து, ஊசி முனையைக் கார்ட்ரிட்ஜின் அடிவரை விட்டு மெதுவாக நிரப்பினால் சுமார் 0.8 மில்லி பிடிக்கும். மேலேயிருந்து விட்டால் குமிழி வந்து மை வெளியே தெறிக்கும், அடியிலிருந்து நிரப்பினால் ஒரு சொட்டு சிந்தாது. சிரிஞ்சு பிடிக்க உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கார்ட்ரிட்ஜின் வாய் நாளடைவில் தளரும், அப்போது புதிதுக்கு மாறிவிடுங்கள். பையில் எப்போதும் ஒரு நிரம்பிய கார்ட்ரிட்ஜ் இருக்கட்டும்.

வாங்கியதும் நிப்புப் பகுதியை, ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசிவிட்டு மை போடுங்கள். செய்யும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருந்தால் எழுத்து வறண்டு வரும், பலர் இதைச் செய்யாமலே பேனா சரியில்லை என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அப்புறம், கார்பன் வைத்து எழுதும் படிவங்களுக்கு மைப்பேனா ஆகாது. அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும், அதற்கு ஒரு பால்பாயின்ட் தனியாக இருக்கட்டும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அடிக்கடி போய் வருகிறேன். கீழே ஒழுங்காக எழுதுகிற பேனா, மேலே போய்த் திறந்தால் மூடிக்குள் மை கொட்டிக் கிடக்கிறது. பேனாவை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம், பேனாவில் குறை இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் பேனாவுக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய கால் பங்கு விரிகிறது. உள்ளே ஒரு மில்லி காற்று இருந்தால் கால் மில்லி இடத்துக்கு அது அலையும், நிப்பு கீழே பார்த்தபடி இருந்தால் அந்தக் கால் மில்லியும் மையாகத்தான் வெளியே வரும். கால் மில்லி என்றால் ஐந்து சொட்டு! நிப்புக்கு அடியில் வரிவரியாக இருக்கிறதே ஒரு கட்டை, கொஞ்சம் மை கூடுதலாக வந்தால் அதைப் பிடித்துவைக்கத்தான் அந்த வரிகள், ஐந்து சொட்டை அது தாங்காது. பேனாவை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பினால் உள்ளே காற்றே அதிகம் இருக்காது, அரைச் சொட்டு வந்தாலும் கட்டை பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் மையைக் காலி செய்துவிட்டுப் போங்கள். பாதி மையோடு போவதுதான் தொல்லை. நிப்பை மேலே பார்த்து வைத்தால் விரிகிற காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியேறிவிடும், இது ஒன்றைச் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே பதில்தான், கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது, அதாவது கிட்டத்தட்ட ஊட்டிதான்.

கேள்வி: காவெகோ பேனாவின் உடலுக்குள்ளேயே மை ஊற்றி எழுதலாம் என்கிறார்களே, நிறைய மை பிடிக்குமாமே?
– வாசகர், மதுரை

பதில்: ஊற்றலாம், மரையில் சிலிக்கோன் கிரீஸ் தடவி இறுக்கினால் கசியாது. பிளாஸ்டிக் மாடலில் மட்டும், உலோக மாடலில் மை பட்டு அரித்துவிடும். வீட்டு மேசைக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வெளியே கொண்டுபோகிற பேனாவுக்கு வேண்டாம் என்பேன். மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து திடீரென்று ஒரு சொட்டு தாளில் விழும். மதுரை வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கேள்வி: நம்மூர்ப் பேனா எதுவுமே இதற்குத் தேறாதா?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: தேறும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் கடைசல் பிடித்துக் கையால் செய்கிறார்கள். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் செய்த உடல், கையில் பிடிக்கக் கதகதப்பாக இருக்கும், மூடியும் திருகு மூடி. மை ஊற்றும் வகையும் உண்டு, கன்வர்ட்டர் போடும் வகையும் உண்டு, வெளியே எடுத்துப் போவதற்கு இரண்டாவதைக் கேளுங்கள். அவர்கள் பேனாக்களில் பல பெரிய கைக்கானவை, அதனால் மூடிய நிலையில் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டு, பையில் அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். எபோனைட்டை நேர் வெயிலில் வைக்கக் கூடாது, நிறம் மங்கிவிடும்.