ஒர்க்‌ஷாப் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் எதற்கு?

வீட்டை ஒட்டாமல் தனியாகக் கட்டும் சின்ன கராஜ் ஒர்க்‌ஷாப்பில், கான்கிரீட் போடும் முன் அடியில் விரிக்கும் பாலித்தீன் ஷீட்தான் ஈரத்தடுப்பு. கான்கிரீட் பார்க்கத்தான் கல் மாதிரி. உள்ளே முழுக்க நுண்துளைகள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். தரை காய்ந்தே தெரியும். ஆனால் பூட்டிய அறையில் ரம்பத்தின் பற்களிலும் உளி முனையிலும் துரு ஏறும், தரை பெயின்ட் கொப்பளித்து உரியும்.

250 மைக்ரான் ஷீட் போதும். இணைப்பில் ஒரு ஷீட்டின் மேல் மற்றதை 15 செ.மீ. ஏற்றி டேப் ஒட்டுங்கள். கம்பி கட்டும்போது கிழியாமல் காப்பதுதான் பெரிய பாடு!

ஏற்கெனவே போட்ட தரையா? பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நாலு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் ஏறுகிறது.

கான்கிரீட்டைத் தடிமனாகப் போட்டால் ஷீட் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். தடிமன் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது.