மாற்றுக் கல்வி மையம் நடத்துவது பற்றிக் கேளுங்கள்

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கான மையங்களை நடத்தியிருக்கிறேன், பிறகு அப்படிப்பட்ட மையங்களை மேற்பார்த்தும் இருக்கிறேன். இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அனுமதி, கணக்கு, ஆசிரியர் விஷயங்களில் கைகொடுக்கிறேன். கற்பித்தல் தத்துவம் பேச வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அதற்கு என்னிடம் ஒரு வரிதான் கிடைக்கும்.

கேள்வி (திருவண்ணாமலை): அக்கா, நண்பர்கள் சிலர் ஐடி வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். சின்னதாக ஒரு மாற்றுப் பள்ளி, கீற்றுக் கொட்டகை, மரத்தடி வகுப்பு. முதலில் தொடங்கிவிட்டு அனுமதியை அப்புறம் வாங்கலாமா?

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 18. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குமேலும் நடத்தினால் ஒவ்வொரு நாளைக்கும் 10,000. 'கற்றல் மையம்' என்று பலகை வைத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது காதில் ஓதியிருப்பார்கள். ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம்வரை உங்களிடம் இருந்தால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அலுவலகத்தில் அதைப் பள்ளி என்றுதான் பார்ப்பார்கள். நான் சொல்லும் வழி இது: பிள்ளைகளின் பெயர் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே இருக்கட்டும், நீங்கள் மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் நடத்துங்கள். ஊர் உங்களை நம்புகிறதா, உங்களுக்கே இந்த வேலை பிடிக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அதன் பிறகு அங்கீகாரத்துக்குப் போங்கள்.

அந்தக் கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 பிள்ளைகள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ கூரைக்கு ஏறியது. படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக மாற்றுப் பள்ளிக்காரர்கள் இன்னும் கீற்று வேய்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. ஓடு போடுங்கள். சமையல் தனிக் கட்டடத்தில் இருக்கட்டும், வகுப்பறைக்கு இரண்டு வாசல் வையுங்கள்.

கேள்வி: பாடமுறை மாண்டிசோரியா, வால்டார்ஃபா?

உங்கள் ஆசிரியருக்கு எது நன்றாகத் தெரியுமோ அது.

கேள்வி (கோவை): பத்து வயது மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பின்னால் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி?

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், அடிப்படைக் கல்விக்கு மூன்று நிலைகள் இருக்கின்றன: 3, 5, 8 வகுப்புகளுக்கு இணை. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்பு. தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம். மாநிலத் தேர்வுத் துறை வழியாகத் தனித்தேர்வராகவும் எழுதலாம், எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு வேலை மனதில் இருந்தால் எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை அந்த வேலையின் அறிவிக்கையில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

கேள்வி (தர்மபுரி): நல்ல ஆசிரியர்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்துத் தயார் செய்கிறோம். இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள். என்ன செய்தால் இருப்பார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி, என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டும். மையங்கள் மூடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பாடமுறை சரியில்லை என்று மூடியதாக ஒன்றுகூட நினைவில்லை, ஆசிரியர் போய்விட்டார் என்று மூடியவைதான் எல்லாம்.

முதலில் சம்பளம். எவ்வளவு என்பதைவிட எந்தத் தேதியில் என்பது பெரிய விஷயம். நன்கொடை வந்ததும் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் வீட்டு வாடகை கட்டுகிற யாரும் நிற்க மாட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் வங்கியில் தனியாகக் கிடக்காவிட்டால் புது வகுப்பு தொடங்காதீர்கள், அந்தப் பணத்தில் கட்டடத்துக்குச் சுண்ணாம்புகூட அடிக்காதீர்கள். 'இது வேலை இல்லம்மா, சேவை' என்று ஆசிரியரிடம் பேசும் நிறுவனரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அவருக்குப் பெரும்பாலும் வேறு எங்கோ வருமானம் இருக்கும். நியமனக் கடிதம் கொடுங்கள். இருபது பேர் வேலை செய்தால் பிஎஃப் கட்டாயம், அதற்குக் கீழே இருந்தாலும் விரும்பிச் சேரலாம்.

அடுத்தது நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே ஆசிரியருக்கு வாரம் 45 மணி என்று சொல்லும்போது, தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்தான் வைக்கிறது. நம் மையங்களிலோ பகலில் வகுப்பு, மாலையில் வீடு வீடாகப் போவது, இரவில் நன்கொடையாளருக்கு அறிக்கை. அறிக்கை எழுத வேறு ஆளைப் போடுங்கள்.

தகுதித் தேர்வு எழுத ஆசைப்படுகிறவருக்கு லீவு கொடுங்கள். தேறி அரசுப் பள்ளிக்குப் போனால் போகட்டும், நீங்கள் பழக்கிய ஆள் அங்கே பிள்ளைகளோடுதான் இருக்கப் போகிறார். சென்னையிலிருந்து வரும் ஆர்வலரைவிட அதே ஊரில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு முன்னுரிமை கொடுங்கள். கூடலூரில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயாவில் பழங்குடி இளைஞர்களையே ஆசிரியராக்கினார்கள். பிள்ளை வீட்டில் பேசும் மொழி தெரிந்த ஆள், சாயங்காலம் பஸ் பிடித்து ஓடாத ஆள்.

கேள்வி: டியூஷன் சென்டர் மாதிரி பதிவு செய்துகொண்டு முழுநேரப் பள்ளி நடத்தலாமா மேடம்?

பிரிவு 18. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருவள்ளூர்): செங்கல் சேம்பரில் ஒடிசா பிள்ளைகள் நிறைய. எங்கே தொடங்குவது?

ஒடியா பேசும் ஆளிடமிருந்து. அந்தத் தொழிலாளர்களிலேயே கொஞ்சம் படித்த ஒருவர் கிடைப்பார். சீசன் முடிந்து மழைக்கு முன் ஊர் திரும்பும் பிள்ளைக்கு அங்கே வகுப்பு தொடர வேண்டும், அதனால் ஒடியா பாடப்புத்தகம் அவசியம். கூடவே பேச்சுத் தமிழும் கொஞ்சம் இருக்கட்டும். கல் அடிக்கும் வேலை இரவிலும் விடிகாலையிலும் நடக்கும், பிள்ளை தூக்கத்தில் இருக்கும்போது ஒன்பது மணிக்கு மணி அடித்துப் பயனில்லை. வயதுச் சான்று இல்லை என்றோ டிசி வரவில்லை என்றோ அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது, அதே கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவுகள் 5, 14. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது பிரிவு 4. இந்த மூன்றையும் அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள், ஆனால் முதலில் டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். காகிதத்தை எடுப்பது கடைசியில்.

கேள்வி (சிவகாசி): கோபப்படக் கூடாது அக்கா. என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். நான் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மார்க் வாங்கித்தான் வெளியே வந்தேன். பரீட்சை வேண்டாம் என்கிறவர்கள் எல்லாம் பரீட்சையில் ஏற்கெனவே ஜெயித்த வீட்டுக்காரர்கள். ஏழைப் பிள்ளையை வைத்து எதற்குப் பரிசோதனை?

கோபம் இல்லை தம்பி. பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்து சிறப்புப் பள்ளிகள் நடந்தன. அவையும் மாற்றுக் கல்விதான், வேலைக்குப் போன பிள்ளையை நேராக ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் ஓடிவிடும் என்பதற்காக வந்தவை. பரிசோதனை என்று நீங்கள் சொல்வது அங்கே படகுத்துறை மாதிரி இருந்தது, அக்கரை வழக்கமான பள்ளிதான்.

அதே நபர்: அது சரி. இப்போது நீங்கள் ஆதரிக்கும் பண்ணைப் பள்ளிகளுக்கு அக்கரை எது?

நியாயமான கேள்வி. சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்தப் பிள்ளை எந்த வயதில், எந்தத் தேர்வை, எந்த வாரியத்தில் எழுதும், அதற்கு யார் பொறுப்பு. அதை எழுதித் தராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பெற்றோருக்குக் கையில் வேறு சொத்து இருந்தால் அவர்கள் இஷ்டம்.

இடையில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர்: அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படித்த செயல்வழிக் கற்றலை மறந்துவிட்டீர்களே. ஏழைப் பிள்ளைமீது செய்த பெரிய பரிசோதனை அதுதான். அட்டை கிழிந்தால் புது அட்டை வராது. எல்லா வகுப்பும் ஒரே அறையில். வீட்டுப்பாடம் இல்லை என்று பெற்றோர் என்னைத்தான் திட்டினார்கள்.

ஐயா, மறக்கவில்லை. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறை அது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் போனது. பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி, அட்டை, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பது சின்ன விஷயமில்லை, அது முதல் தலைமுறைப் பிள்ளைக்கு மிகவும் தேவை. நீங்கள் சொல்லும் குறையும் உண்மை. ஆனால் அட்டை வராதது பாடமுறையின் குறையா? அச்சடிக்க, மாற்ற, போய்ப் பார்க்க யார், எந்தப் பணத்தில் என்பதை முடிவு செய்யாமல் விரித்ததன் குறை.

சிவகாசிக்காரர்: எப்படியோ, பணம் கட்டும் பள்ளிக்காரன் பிள்ளை அப்போதும் புத்தகத்தில்தான் படித்தான்.

படித்தான். மறுக்க மாட்டேன். அதனால்தான் நன்கொடையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் பிள்ளையை இங்கே சேர்ப்பீர்களா? பலரும் பேச்சை மாற்றுவார்கள்.

இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன், இன்னும் சிலர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறார். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு வேண்டுமா?

இந்தியக் குடிமகனாக இருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் வேண்டாம். பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த வருடங்களில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும்.

கேள்வி: சின்ன ஊர்தானே, யார் கேட்கப் போகிறார்கள், அனுமதி...

பிரிவு 18.

கேள்வி (பெயர் வேண்டாம்): விடுதியோடு நடத்துகிறோம். ஒரு பிள்ளை வார்டன்மீது புகார் சொன்னது. நிர்வாகக் குழு முதலில் உள்ளே விசாரிக்கலாம் என்கிறது.

இன்றே போலீஸ். அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012 பிரிவு 19படி தகவல் சொல்வது கட்டாயம். கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. பிள்ளையை மறுபடி மறுபடி கேட்டு விசாரிக்காதீர்கள், குழுக் கூட்டம் நாளைக்கு நடக்கட்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விடுதிக்குத் தனி உரிமம் வேண்டும், தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விடுதி இல்லாமல் நடத்த முடிந்தால் இல்லாமலே நடத்துங்கள். எதுவும் குழப்பமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பதில் உடனே வரும்.

கேள்வி: டிரஸ்ட்டா, சொசைட்டியா?

டிரஸ்ட் சீக்கிரம் முடியும், ஆனால் நிறுவனர் கையில் எல்லாம் போய்விடும். சொசைட்டிக்கு ஏழு பேர் வேண்டும், வருடக் கூட்டம், தேர்தல், கணக்குத் தாக்கல் என்று தொல்லை உண்டு. உங்கள் நிறுவனர் எப்படிப்பட்டவர் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீங்களே நிறுவனர் என்றால் சொசைட்டி.