மாலிக்கும் பாட்டு வாத்தியார் இருந்தார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் வயது 43. வங்கி ஊழியன். யூடியூப் காணொளிகளைப் பார்த்தே புல்லாங்குழல் கற்றுக்கொண்டேன். சரளி, ஜண்டை, அலங்காரம் ஆகிய ஆரம்பப் பாடங்கள், சில கீதங்கள், ஒரு மோகன ராக வர்ணம் வரை வந்தாயிற்று. ஒரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறேன். மேல் ஸ்தாயி கீச்சிடுகிறது. கமகம் வைத்தால், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசித்தால், ஸ்வரம் வழுக்குகிறது. குருவிடம் போனால் மறுபடி சரளியில் உட்காரவைத்துவிடுவாரோ என்று தயக்கம். புல்லாங்குழல் மாலி தானாகக் கற்று மேதை ஆனவர்தானே?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மாலியை நீங்களே இழுத்துவிட்டதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1926இல் திருவிடைமருதூரில் பிறந்த மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம் குழலைத் தானாகப் பிடித்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு வாய்ப்பாட்டுச் சொல்லித்தர மாமா ஜால்ரா கோபாலய்யர் இருந்தார். காதில் ஏற்கெனவே ஏறியிருந்த சங்கீதத்தைத்தான் அந்தப் பிள்ளை விரல்களில் தேடியது. ஏழு வயதில் கச்சேரியும் செய்தது. பின்னாளில் புல்லாங்குழல் வித்வான் என். ரமணி சிஷ்யராக வந்தபோது, நீயும் தானாகக் கற்றுக்கொள் என்று மாலி திருப்பி அனுப்பிவிடவில்லை.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் குறைகள். மேல் ஸ்தாயி கீச்சிடுவது உதட்டின் சமாசாரம். மேலே போகப் போக மூச்சை ஓங்கி ஊதுவதால் பெரும்பாலும் வருவது. உதட்டுத் திறப்பைச் சிறிதாக்கிக் காற்றின் கோணத்தை மாற்றச் சொல்லிக் காணொளியிலும் கேட்டிருப்பீர்கள். அப்படித்தான் ஊதுகிறோம் என்று நம்பியும் இருப்பீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உண்மை தெரியும். இதற்குக் குழல் வாசிப்பவரே வேண்டும், அதுவும் நேரில். கைபேசி அழைப்பில் நீண்ட ஊதலை இரைச்சல் என்று நினைத்துச் செயலி அமுக்கிவிடுவதுண்டு.

கமகம் வேறு கதை. அதில் பாதிக் குறை காதில். சரளி வாசிக்கும் ராகமான மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபத்துக்கு, அதாவது தாழ்ந்த ரி ஸ்வரத்துக்கு, ஒரு துளையைப் பாதி மூட வேண்டும். எவ்வளவு பாதி என்பதை எந்தப் படமும் காட்டாது. விரல் சற்றுக் கூடுதலாக எழும்பி ரிஷபம் மேலே போய் நிற்கும். தினமும் கேட்டுக் கேட்டுக் காதும் அதற்குச் சம்மதித்திருக்கும். தம்புராவோடு ஸ, ரி மட்டும் வாசித்துப் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டுப் பாருங்கள். இதைத் திருத்த வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் போகலாம். அவர் பாடுவதைத் திரும்பப் பாடி, சரி என்று அவர் சொன்ன பிறகே குழலில் எடுங்கள். காதைக் கவனிக்காமல் விரல் வேகத்தை மட்டும் வளர்க்கும் குழல் வகுப்பைவிட இது எவ்வளவோ மேல்.

ஆளைத் தேடும்போது அவருடைய கச்சேரியைக் கேட்டு மயங்காதீர்கள். அவரிடம் இரண்டு, மூன்று வருடம் படித்த மாணவர் வாசிப்பதைக் கேளுங்கள். மார்கழி முழுவதும் அகப்படாத வித்வானைவிட, வாரம் தவறாமல் எதிரில் உட்காரும் பாட்டு டீச்சர் உங்களுக்கு உபயோகம்.

சரளிக்கு அனுப்புவாரா? அனுப்புவார். பாடம் பழையதுதான், ஆனால் இந்த முறை அவர் திருத்தப்போவது உங்கள் ஊதலையும் ஸ்வரஸ்தானத்தையும். முதல் நாளே வர்ணத்தை எடுத்து அசத்தப் பார்க்காதீர்கள். ஒரு ஸட்ஜத்தை (ஸ) நீளமாகப் பிடித்து, கீச்சிடும் இடத்தையும் வாசித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பார்ப்பது உங்கள் உதட்டையா, சுவர்க் கடிகாரத்தையா என்று கவனித்த பிறகு, அடுத்த வாரம் போவதா என்பதை முடிவு செய்யுங்கள்.