போன் பேட்டரியை முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். அந்த அறிவுரை பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்னது. இன்றைய போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது லித்தியம்-அயன். இதை அடிக்கடி 0 சதவீதம் வரை இறங்க விடுவதுதான் கெடுதல்.

பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல்லை அதிகம் அரிப்பது வெப்பமும் உச்ச மின்னழுத்தமும்தான். முழு சார்ஜில் ஒரு செல் ஏறக்குறைய 4.2 வோல்ட்டில் நிற்கும். அப்போது சூடாகவும் இருந்தால் உள்ளே எலக்ட்ரோலைட் (அயனிகளைக் கடத்தும் திரவம்) சிதைந்து, மின்முனைமேல் படலம் தடித்துக்கொண்டே போகும். அப்படி இழந்த திறன் திரும்பாது. அதனால் தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். முடிந்தவரை 20-க்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருங்கள். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

சரி, 30 சதவீதம் காட்டும்போதே போன் பொசுக்கென்று அணைகிறதா? ஒரே ஒருமுறை முழுவதும் இறக்கி, இடைவிடாமல் 100 வரை ஏற்றிப் பாருங்கள். இது சதவீதக் கணக்கைத்தான் சீராக்கும், செல்லைப் புதுப்பிக்காது. அப்புறமும் அணைந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

மேசையில் வைத்த போன் ஆடுகிறது, திரையோரம் இடைவெளி தெரிகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உடனே மாற்றிவிடுங்கள்.