மோட்டார் வாங்குமுன் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: என்னிடம் 70 செ.மீ. நீளமுள்ள ரிமோட் மின்சார ரேஸ் படகு இருக்கிறது. அடிப்பக்கம் ‘வி’ வடிவம். 2000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 120 ஆம்ப் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 4எஸ் (நான்கு செல்) 5000 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 40 மி.மீ. ப்ரொப்பெல்லர். முதல் அரை நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் சோர்ந்துவிடுகிறது. கிளம்பும்போதே மற்ற படகுகள் முந்திவிடுகின்றன. பேட்டரி வாங்கிய இடத்தில் கேட்டேன். 2400 கே.வி. மோட்டாரும் 44 மி.மீ. ப்ரொப்பெல்லரும் போட்டால் பறக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டில் ஒன்றைக்கூட வாங்க வேண்டாம். இரண்டையும் மாட்டினால் அடுத்த மாதம் ஈ.எஸ்.சி. வாங்குவீர்கள், அதற்கடுத்து பேட்டரி வாங்குவீர்கள். யோசனை சொன்னவர் இந்த நான்கையும் விற்பவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கணக்கை நீட்டாமல் சொல்கிறேன். ப்ரொப்பெல்லர் சுற்றும் வேகம் 20 சதவீதம் கூடினால், அது மோட்டாரிடம் கேட்கும் சக்தி 70 சதவீதத்துக்கு மேல் கூடும். விட்டம் 10 சதவீதம் கூடினால் அந்தச் சக்தி சுமார் 60 சதவீதம் கூடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், இப்போது இழுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தண்ணீரில் அவ்வளவும் ஏறாது. ஏறுவதற்குள் பேட்டரி படுத்துவிடும், அல்லது ஈ.எஸ்.சி. புகைந்துவிடும்.

“அரை நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் சோர்ந்துவிடுகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் சொன்னதில் முக்கியமான வரி அதுதான். மோட்டாருக்கு வேகம் போதவில்லை என்றால் முதல் நொடியிலிருந்தே போதாமல் இருக்கும். ஓடி ஓடிச் சோர்கிறது என்றால் எங்கோ சுமை அதிகம், அல்லது மின்சாரம் வந்து சேரவில்லை. சுமையில் மின்னழுத்தம் விழுவதைப் பார்த்ததும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஈ.எஸ்.சி. தானாகவே பவரைக் குறைக்கும். படகு சோர்வதாக உங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் அதுதான்.

பல சார்ஜர்களில் ஒவ்வொரு செல்லின் உள் மின்தடையைக் காட்டும் வசதி இருக்கும். பேட்டரி அறை வெப்பத்தில் இருக்கும்போது பாருங்கள், சில்லென்று இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். நல்ல 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஒரு செல்லுக்கு 2, 3 மில்லிஓம் இருக்கும். உங்களுடையது 8 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஆம்ப் இழுக்கும்போது நான்கு செல்லிலும் சேர்த்து 3.2 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே கரைந்துவிடும். 3 மில்லிஓம் என்றால் 1.2 வோல்ட்தான் போகும். வித்தியாசம் 2 வோல்ட். உங்கள் 2000 கே.வி. மோட்டாருக்கு அது நிமிடத்துக்கு 4000 சுற்று. புது மோட்டார் காகிதத்தில் தரப்போவது சுமார் 6000 சுற்று. அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பழைய பேட்டரி ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

இந்த ‘சி’ எண் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. கொள்ளளவைப்போல எத்தனை மடங்கு மின்னோட்டத்தைப் பேட்டரி தரும் என்பதுதான் ‘சி’. பேட்டரி மேலே 100சி என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 5000 எம்.ஏ.எச்.சுக்கு 100சி என்றால் 500 ஆம்ப். அந்த மெல்லிய கம்பியும் கனெக்டரும் 500 ஆம்ப் தாங்குமா? எத்தனை நொடிக்கு, எந்த வெப்பத்தில், மின்னழுத்தம் எவ்வளவு விழும்வரை என்று எதுவும் அதில் இருக்காது. நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு முறை உப்பிப்போன பேட்டரியைக் கழித்துக் கட்டலாம் என்று மேலுறையைக் கிழித்தேன். உள்ளே இன்னொரு உறை. வெளியே 80சி, உள்ளே 35சி. விற்றவரிடம் கேட்டபோது “எல்லாரும் அப்படித்தான் சார் போடுகிறார்கள்” என்றார், கூச்சமே இல்லாமல். பந்தயத்தில் பரிசோதகர் மோட்டாரின் நீளத்தை அளப்பார், மின்னழுத்தத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை பார்ப்பார். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் பொய்யை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். சரி, நம்மால் ஆனது ஒன்று உண்டு. வாங்குமுன் எடை போடுங்கள். உண்மையான 4எஸ் 5000 பேட்டரி ஏறத்தாழ 450 முதல் 550 கிராம் இருக்கும். அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் கொள்ளளவும் பொய்.

உங்கள் படகு எவ்வளவு இழுக்கிறது என்று அறியத் தனிக் கருவி வேண்டாம். சரியாக 3 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். நடுவில் சோர்ந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்து சார்ஜ் போடும்போது எத்தனை எம்.ஏ.எச். திரும்ப ஏறியது என்று பாருங்கள். 3 நிமிடத்துக்கு 4000 ஏறினால் சராசரி 80 ஆம்ப். திருப்பத்திலும் கிளம்பும்போதும் அதைவிட நிறைய இழுத்திருக்கும். 120 ஆம்ப் ஈ.எஸ்.சி.க்கு அதுவே போதும் போதும் என்ற நிலை. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியைக் காலி செய்யாதீர்கள்.

ஒயர் விஷயம் சின்னதுதான். பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் இடையே ஒயர் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இருக்கட்டும். நீட்ட வேண்டியிருந்தால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள். ஓடி முடித்ததும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் சாலிடர் சரியில்லை. ஈ.எஸ்.சி.யில் டைமிங்கை (மோட்டார் சுருள்களுக்கு மின்சாரத்தை எவ்வளவு முந்தி மாற்றுவது என்ற அமைப்பு) மோட்டார் தயாரித்தவர் சொன்ன அளவிலேயே விட்டுவிடுங்கள். அதை ஏற்றினால் கிடைக்கும் சுற்றைவிடச் சூடுதான் அதிகம்.

இனி, கிளம்பும்போது பின்தங்குவது. இதற்குக் காது போதும். த்ராட்டிலை (ரிமோட்டில் உள்ள வேக விசை) அழுத்தியதும் மோட்டார் முக்கி முனகி மெதுவாகச் சுற்றினால் ப்ரொப்பெல்லர் கனம். 40-ஐக் கழற்றி, அதே பிட்ச் விகிதத்தில் 38 போடுங்கள். (பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேறும் தூரம், அதை விட்டத்தால் வகுத்தால் பிட்ச் விகிதம்.) 2 மி.மீ.தானே என்று நினைக்காதீர்கள், ஒரே சுற்று வேகத்தில் சுமை ஏறத்தாழ கால் பங்கு குறையும். மோட்டார் சீக்கிரம் வேகம் பிடிக்கும், மின்னழுத்தம் விழாது. சின்ன ப்ரொப்பெல்லரில் படகு வேகமாகப் போவதைப் பார்த்துப் பலர் நம்ப மாட்டார்கள். விற்பவரும் சொல்ல மாட்டார், சின்னதும் பெரிதும் ஒரே விலை, ஆனால் சின்னது போட்டால் மோட்டார் எரியாதே!

பெரிய ப்ரொப்பெல்லர் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு நிலைமையில் அது சரி, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. த்ராட்டிலை அழுத்தியதும் மோட்டார் வீல் என்று கத்துகிறது, பின்னால் நுரையும் நீர்த்தூவலும் எழும்புகிறது, படகு மட்டும் நின்ற இடத்திலேயே தத்தளிக்கிறது என்றால், ப்ரொப்பெல்லர் நீரைப் பிடிக்காமல் காற்றையும் நுரையையும் கலக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே சுமை அதிகமில்லை, பிடிமானம் இல்லை. இதில்கூட உடனே பெரிது வாங்க ஓடாதீர்கள். முதலில் ஸ்ட்ரட்டை (ப்ரொப்பெல்லர் தண்டைப் படகின் பின்னால் பிடித்திருக்கும் தாங்கி) ஒரு மி.மீ. கீழே இறக்குங்கள், போதாவிட்டால் இன்னொரு மி.மீ. அப்புறம், த்ராட்டிலை ஒரேயடியாக அழுத்தாமல் ஒரு நொடி எடுத்து மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை, மோட்டாரும் சூடாகவில்லை என்றால் மட்டும், பிட்ச் குறைந்து விட்டம் 1, 2 மி.மீ. கூடிய ப்ரொப்பெல்லரைப் போடலாம். பிட்சும் கூட, விட்டமும் கூட என்று போனால் பழைய கதைதான். முனகல் என்றால் சின்னது, கத்தல் என்றால் முதலில் ஸ்ட்ரட். உங்கள் படகு போகப்போகச் சோர்கிறது என்பதால் முனகும் வகை என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனாலும் காதால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ப்ரொப்பெல்லரில் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்டூரா நிறுவனத்தின் எக்ஸ்440 என்றால் பிட்ச் விகிதம் 1.4, விட்டம் 40 மி.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. உங்கள் மோட்டார் 14.8 வோல்ட்டில் சுமையின்றி 29,600 சுற்று. பெருக்கினால் மணிக்கு 99 கி.மீ.க்கு மேல் வரும். பெட்டிமேல் போடும் வேகம் இந்த மாதிரி காகிதக் கணக்குதான். மின்னழுத்தச் சரிவும் நீரில் வழுக்கலும் போக 60, 70 கி.மீ. வந்தாலே நல்ல படகு.

வார்ப்பு ப்ரொப்பெல்லர் அப்படியே வந்தால் முனை மழுங்கி, எடை ஒருபக்கம் சாய்ந்து இருக்கும். கூர் தீட்டிச் சமன் செய்தால் அதுவே புது ப்ரொப்பெல்லர் மாதிரி. ஆனால் பெரிலியம் கலந்த செம்பு என்றால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, தூள் நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும். பழக்கமில்லை என்றால் தீட்டிச் சமன் செய்ததையே வாங்குங்கள், இந்த ஒன்றுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் ஏற்றிய படகை இரண்டு விரலில் தூக்கினால், பின்பலகையிலிருந்து 20, 21 செ.மீ.யில் சமமாக நிற்க வேண்டும். முன்னால் போனால் மூக்கு நீரைத் தேய்த்து வேகத்தைத் தின்னும். பின்னால் போனால் மூக்கு துள்ளும். ஒருமுறைக்கு ஒரு செ.மீ. மட்டும் நகர்த்துங்கள்.

கடைசியாக, பலர் பார்க்காத ஒன்று. மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (வளையும் தண்டு) சுமையில் முறுக்கிக்கொண்டு நீளத்தில் குறையும். அதனால் ப்ரொப்பெல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒட்டி மாட்டியிருந்தால் ஓடும்போது இரண்டும் உரசும், மோட்டார் பிரேக் போட்டபடி ஓடும். ஷாஃப்டை உருவிப் பாருங்கள். கிரீஸ் கறுத்திருந்தால் துடைத்துப் புதிது தடவுங்கள். கரையில் வைத்து வெறுமனே முடுக்கி ரசிக்காதீர்கள், உள்ளே ஷாஃப்ட் ஓடும் குழாய் காய்ந்து சூடேறும்.

இவ்வளவுக்கும் நீங்கள் வாங்க வேண்டியது ஒரு 38 மி.மீ. ப்ரொப்பெல்லரும் ஒரு வெப்பமானித் துப்பாக்கியும். 38-ஐ மாட்டி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், குளிர்நீர் வெளியேறும் துளையிலிருந்து நீர் பீய்ச்சுகிறதா பாருங்கள், கரைக்கு வந்ததும் அளவெடுங்கள். மோட்டார் 70 டிகிரிக்குள், பேட்டரி 50-க்குள் இருந்தால் அடுத்து 2 நிமிடம், அப்புறம் 3. மோட்டார் அதைத் தாண்டினால் இன்னும் சின்னது போடுங்கள். பேட்டரி மட்டும் சுட்டு மோட்டார் குளிர்ச்சியாக இருந்தால், அன்றே அந்தப் பேட்டரியை வேலையிலிருந்து நிறுத்திவிடுங்கள்.